சாரல் பிடித்த பழைய வெல்டிங் செட்: காயில் கட்டாமலே சரிசெய்தது

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் பழைய வெல்டிங் செட்டுகள் பாடியில் ‘சுரீர்’ என்று இழுக்க ஆரம்பிக்கும். உடனே “வைண்டிங் போச்சு, காயில் கட்டக் கொடு” என்பார்கள், அதாவது உள்ளே இருக்கிற சுற்றைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுவது. செம்பு விற்கிற விலைக்கு அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

இது ஃபேன் வைத்த 300 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் செட். இரண்டு பேஸ், 415 வோல்ட். ராடு பிடிக்காத நேரத்தில் செகண்டரியில் (வெல்டிங் பக்கத்துக் காயிலில்) 75 வோல்ட் என்று பிளேட் சொல்கிறது. குறைகள் மூன்று: பாடியில் ஷாக், ராடு ஒட்டிக்கொள்வது, கரண்டைக் கூட்டிக் குறைக்கும் வீலைத் திருப்பினால் கடகட சத்தம்.

மெயினை அணைத்ததும் ஃபியூஸ் கேரியர் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கெப்பாசிட்டர் இருந்தால் டிஸ்சார்ஜ் செய்து ஒயரைப் பிரித்துவிட்டுத்தான் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர், எண் குறைந்தால் கசிவு). 500 வோல்ட் மெக்கரில் பிரைமரிக்கும் (மெயின் பக்கத்துக் காயில்) பாடிக்கும் 0.2 மெகாஓம், செகண்டரிக்கும் பாடிக்கும் 5, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் 4. இந்தக் கடைசி அளவு விழுந்தால் ஹோல்டரிலேயே மெயின் வோல்டேஜ் வந்துவிடும். அப்படிப்பட்ட செட்டை ஓட்டவே கூடாது.

பிரைமரி ஒயர்களை டெர்மினல் போர்டிலிருந்து பிரித்து மறுபடி பார்த்ததும் 0.2 என்பது 6 ஆனது. ஆக, கசிவு வைண்டிங்கில் இல்லை, பேக்லைட் போர்டில். பின்பக்கம் டெர்மினல் போல்ட்டிலிருந்து ஃபிரேம் போல்ட் வரை முடிக்கனத்தில் ஒரு கரிக்கோடு. கிரைண்டர் தூசியும் ஈரமும் சேர்ந்து போட்ட பாதை அது. சுரண்டினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். 10 மி.மீ. ஹைலம் ஷீட்டில் (பேக்லைட் மாதிரியான இன்சுலேஷன் தகடு) புதிது வெட்டி, வெட்டிய ஓரங்களிலும் துளைகளிலும் வார்னிஷ் பூசினோம். ஈரம் உறிஞ்சுவது ஓரத்தில்தான்.

காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட்டா என்பதை மல்டிமீட்டர் ஓம்ஸில் கண்டுபிடிக்க முடியாது. 1000 வாட் ஹாலஜன் விளக்கை பிரைமரியோடு சீரியஸாகப் போட்டு 230 கொடுத்தால் தெரியும். செகண்டரி திறந்திருக்கும்போது விளக்கு மங்கலாகச் சிவக்க வேண்டும், செகண்டரியை ஷார்ட் செய்தால் பளிச்சென்று எரிய வேண்டும். திறந்திருக்கும்போதே பளிச்சென்றால் காயில் கட்டத்தான் வேண்டும். இதில் மங்கல்தான், பிரைமரியில் 215 வோல்ட், செகண்டரியில் 39. 415-க்கு 75 என்ற கணக்கு அப்படியே வருகிறது.

அடுத்து ஈரம். கம்ப்ரசர் காற்றடிக்கும் முன் டேங்கின் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் நாமே குளிப்பாட்டியதாகிவிடும். பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை உள்ளே தொங்கவிட்டு, காயிலைத் தொடாமல், மேலே காற்றுப் போக வழிவிட்டு மூடினோம். சூடேற ஏற மெக்கர் முதலில் 6-லிருந்து 3-க்கு இறங்கும். உள்ளே இருந்த ஈரம் கிளம்புவதால் அப்படி. பயந்து நிறுத்திவிடக் கூடாது. பிறகு ஏறி 50-ஐத் தாண்டியது. சூடு ஆறுவதற்குள் காற்றில் காயும் வார்னிஷ் அடித்தோம்.

ராடு ஒட்டியதற்குக் காரணம் இணைப்புகள். வெல்டிங் ஓடும்போதே ஒவ்வொரு லக்கின் (ஒயர் நுனியில் போல்ட் போடும் தகடு) இரு பக்கமும் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். சாதாரண மஞ்சள் மல்டிமீட்டரில் ஏசி 200 வோல்ட் ரேஞ்சே போதும், 0.1-க்கு மேல் காட்டுவது சந்தேகத்துக்குரியது. செகண்டரி அலுமினியப் பட்டையும் செம்பு லக்கும் சேரும் இடத்தில் 0.9 வோல்ட். 120 ஆம்பியரில் அது 108 வாட், ஒரு குண்டு பல்பின் சூடு ஒரு போல்ட்டில்! எமரி போட்டு, பைமெட்டல் வாஷர் (ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம்), ஸ்பிரிங் வாஷர் வைத்து முறுக்கியதும் 0.1. எர்த் கிளிப்பில் 0.6, ஸ்பிரிங் தளர்ந்தது, அதை மாற்றியாயிற்று. செகண்டரியை பாடியோடு சேர்த்து எர்த் செய்வது பட்டறைகளில் சகஜம். செய்யாதீர்கள், கிளிப் சரியாகப் பிடிக்காதபோது வெல்டிங் கரண்ட் எர்த் ஒயர் வழியாகத் திரும்பி அதையே எரித்துவிடும்.

கடகட சத்தம், வீலோடு நகரும் கோர் (இரும்பு) வழித்தடத்தில் ஆடுவதால். பக்கத்துக்கு ஒரு ஹைலம் துண்டு செருகி, திருகுக்கு கிரீஸ் போட்டதில் அடங்கியது. கோர் தகடுகளை இறுக்கும் ஸ்டாம்பிங் போல்ட்டை முறுக்கும்போது அதன் பேப்பர் ஸ்லீவ் கிழியாமல் பார்க்க வேண்டும்.

இப்போது 3.15 ராடு 110-ல் ஒட்டாமல் ஓடுகிறது. ஃபேன் மட்டும் மெதுவாகக் கிளம்புகிறது. கெப்பாசிட்டர் மாற்றும் வரை ஐந்து நிமிட வேலைக்கு ஐந்து நிமிட ஓய்வு.