மோசல் ரீஸ்லிங்: நொதிப்பை எங்கே நிறுத்துவது?

ஜெர்மனியின் மோசல் நதிப் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும், கபினெட் என்ற இலேசான தர ஒயினின் இனிப்பு கடைசியில் சர்க்கரை கலந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தரத்தில் சர்க்கரை சேர்க்க ஜெர்மன் சட்டமே இடம் தராது. நொதிப்பைப் பாதியில் நிறுத்துவதால் மிஞ்சும் திராட்சையின் சொந்த இனிப்புதான் அது. சில ஒயின் தயாரிப்பாளர்கள் நொதிக்காத சாற்றையும் கலப்பார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனாலும் நிறுத்திச் செய்வதே எனக்கு உயர்வாகப் படுகிறது.

வேலை சிலேட் கல் சரிவில் தொடங்குகிறது. ப்ரெம் ஊரின் கால்மோண்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்து. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாள வண்டி சாமானைத் தூக்கும், மற்றதெல்லாம் கைவேலை. பல பழைய தோட்டங்களில் ஒரு கொடிக்கு ஒரு கம்பு. இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவார்கள். அதற்கு ஈரமான நாள் வேண்டும். காய்ந்த கிளை வளைக்கும்போதே முறியும்.

சாற்றின் சர்க்கரையை ஓக்ஸ்லே அளவில் பார்க்கிறார்கள்: ஒரு லிட்டர் சாறு 1,080 கிராம் எடை இருந்தால் 80 ஓக்ஸ்லே. அது முழுக்க நொதித்தால் ஆல்கஹால் சுமார் 10.5%. 8 சதவீதத்தில் நிறுத்தினால் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் சர்க்கரை நிற்கும். புளிப்பு 8 கிராமாவது இல்லையென்றால் அது திகட்டும். வெயில் கூடிய இந்த ஆண்டுகளில் சர்க்கரை சீக்கிரம் ஏறி, புளிப்பு சரிகிறது. அதனால் கபினெட்டுக்கு முன்கூட்டியே பறிக்கிறார்கள். மோசலின் கிளை நதிகளான சார், ரூவர் ஆகியவற்றின் குளிர்ச்சியான பள்ளத்தாக்குகளுக்கு இதில் கொஞ்சம் அனுகூலம் உண்டு.

நிறுத்துவதில்தான் சிக்கல். 1,000 லிட்டர் மரப் பீப்பாய், அதாவது ஃபூடர், மெதுவாகத்தான் குளிரும். குளிரும் வரை ஈஸ்ட் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே வேண்டிய இனிப்புக்குச் சற்று முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். கருவி காட்டும் எண் போதாது, தினமும் சுவைத்துப் பார்க்க வேண்டும். வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை நெருங்கியதும் ஈஸ்ட் அடியில் படியும். தெளிந்ததை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றி, கந்தக டைஆக்சைடு சேர்ப்பார்கள். புட்டியில் அடைக்கும்முன் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே விடுவது அவசியம். உயிருள்ள ஈஸ்ட் கொஞ்சம் தப்பினாலும் புட்டிக்குள் மறுபடி நொதித்து, தக்கையை வெளியே தள்ளும்.

இயற்கை ஈஸ்டில் நொதித்த இளம் புட்டியில் உரசிய தீக்குச்சி வாசனை வரலாம். அது பெரும்பாலும் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றுப்பட வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.