மொட்டை மாடியில் லாரின் ஹில்

நேற்று ராத்திரி பத்து மணிக்கும் மதுரையில் அனல் அடங்கவில்லை. கரண்டும் போய்விட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அமெரிக்க ராப் பாடகி லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' ஆல்பத்தை வரிசையாகக் கேட்டேன். 1998இல் வந்தது. 1999இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி இசை விருது வாங்கியது. ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்றுக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் தடவை.

ஆரம்பமே பள்ளிக்கூட மணி. வாத்தியார் பேர் கூப்பிடுகிறார், லாரின் ஹில் பேருக்கு மட்டும் 'உள்ளேன் ஐயா' வரவில்லை.

'டு ஸயன்' பாட்டு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதில் லாரினுக்கு வயிற்றில் பிள்ளை. 'பாட்டு வேலையைப் பாரு' என்று ஊரே சொல்ல, அவர் பிள்ளைதான் வேண்டும் என்கிறார். கார்லோஸ் சந்தானாவின் கிதார் குரலை முந்தாமல் கூடவே வருகிறது. என் இயர்போனில் ஒரு பக்கம் செத்து ஒரு மாசமாச்சு (வாங்கணும், வாங்கணும்). அந்தக் காதில் பக்கத்து மாடிச் சத்தம்: ஒரு அக்கா தூங்கும் பிள்ளைக்குப் பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அணிவகுப்பு டிரம், அந்தப் பக்கம் விசிறி. சில இடங்களில் இரண்டும் ஒரே தாளத்தில் விழுந்தன.

'எக்ஸ்-ஃபேக்டர்' பிரிந்தவர்களுக்கு, ராத்திரியில் வேண்டாம். நடுநடுவே வரும் வகுப்பறைப் பேச்சு கொஞ்சம் நீளம்தான்.

டி'ஏஞ்சலோ கூடப் பாடும் பாட்டு ஓடும்போது கீழிருந்து அம்மா: "கரண்டு வந்துருச்சு, இறங்குடா!"

பாட்டு முடிந்துதான் இறங்கினேன்.