கணக்குக் கொப்பி

2025 ஜனவரி 26

நாளை முதலாந் தவணை தொடங்குகிறது. இலங்கையில் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியுடன் 1980 இல் பாடநூல்களும் 1993 இல் சீருடைத் துணியும் சேர்ந்தன. அந்தத் துணியில் தைத்த சட்டையோடு படித்தவள் என்பதால், அதன் அருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் துணி தானாகச் சட்டையாகிவிடுவதில்லை. மூத்தவளின் மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டைக்குத் தையற்கூலி 1,200 ரூபாய் ஆனது. அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பத்துப் பிள்ளைகளின் எழுதுகருவிகளுக்கென அரசு அறிவித்த 6,000 ரூபாயைப் பெரிதும் நம்பியிருந்தோம். சப்பாத்து, புத்தகப்பை, கொப்பிகள் என்று புதுக்குடியிருப்புக் கடையில் கணக்குப் பார்த்தபோது, இருவருக்குமான அந்தத் தொகை ஒரே மாலையில் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 18

பாடசாலை இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்கு நிற ரீசேட் 1,300 ரூபாய். இல்ல அலங்காரத்துக்கு 500. சின்னவள் எந்த ஓட்டத்திலும் தெரிவாகவில்லை என்றாலும் அணிநடையில் நிற்பதற்கு ரீசேட் வேண்டும். நாட்டரிசி நெல்லுக்கு அரசு கிலோ 120 ரூபாய் என்று அறிவித்திருக்க, லொறியோடு வயற்கரைக்கு வந்தவர் 105 தான் தந்தார். ஒரு ரீசேட்டுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் நெல் போயிற்று.

மார்ச் 12

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். ஐந்தாந் தர வகுப்பறைக்கு மின்விசிறி பூட்டவும் பெயின்ற் அடிக்கவும் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் ‘பங்களிப்பு’ என்றார்கள். கட்டாயமில்லை என்றும் சொன்னார்கள். கட்டணம் என்று யாராவது சொல்லியிருந்தால் எதிர்த்துக் கதைத்திருப்பேன். தகரக் கூரையின் கீழ் வியர்த்து வழியும் என் பிள்ளையின் நெற்றியை நினைத்துக்கொண்டு முதலில் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. பின்வரிசையில் கூலிவேலையை விட்டு வந்திருந்த ஒரு தாய், எல்லாக் கைகளும் உயர்ந்த பின்னர் மெல்லத் தன் கையையும் உயர்த்தினார். அவரது அன்றைய நாட்கூலி எவருடைய கணக்கிலும் வரப்போவதில்லை.

மே 20

இந்தக் கொப்பியில் மிகப் பெரிய செலவு பாடசாலை கேட்டதல்ல. கணித ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவரது இடத்துக்கு எவரும் வரவில்லை. அந்தப் பாடவேளைகளில் பிள்ளைகள் சும்மா இருந்துவிட்டு வருகிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மூத்தவளை அதனால் ரியூசனுக்கு அனுப்புகிறோம். மாதம் 1,500 ரூபாய். வகுப்பு முடிய இருட்டிவிடுவதால், இவர் மோட்டார்சைக்கிளில் போய்க் கூட்டிவருகிறார், பெற்றோல் தனி. வெற்றிடத்தை நிரப்பாமல் அரசு மிச்சம் பிடிக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியை நாங்கள் ரியூசன் கொட்டிலில் கட்டுகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஓகஸ்ட் 9

நாளை சின்னவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. பென்சில் சீவி வைப்பதற்காக அவளுடைய பெட்டியைத் திறந்தபோது, நாலாக மடித்த துண்டொன்று இருந்தது: வகுப்புப் புகைப்படத்துக்கு 400 ரூபாய், கடைசி நாள் ஜூலை 18. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா ஊரில் இல்லையென்று ரீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். அன்று நான் முற்றத்தில் இருந்தபடி கச்சான் கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.