மீன் ஏலச் செயலிக்கு லோகோ: தடைக்காலத்தையே தின்ற வேலை

முதலில் ஓர் எச்சரிக்கை. லோகோ கோப்பில் உள்ள எழுத்தை வடிவக்கோடாக மாற்றாமல் அப்படியே ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். நாங்கள் அனுப்பினோம். ஆறடிக்கு மூன்றடி பேனரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று செயலியின் பெயர் சிதறிக் கிடந்தது. பாம்பனிலிருந்து ராமநாதபுரம் போய்வந்த அலைச்சலும் 18 சதுர அடிக்கான காசும் தண்டம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. விவரம் பின்னால் வருகிறது.

செயலி, கரையில் நடக்கும் மீன் ஏலத்துக்குக் கணக்கு வைக்கிற கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்து, மாற்றி, வெளியிடலாம். அந்த அனுமதியைத் தரும் உரிமம் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு. கூடவே அன்றைய காற்று, கடல் எச்சரிக்கையும் காட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், லோகோவையும் நிறத்தையும் அதற்குள் முடித்துவிடலாம் என்று இறங்கினோம். பத்து நாள் வேலை என்று போட்ட கணக்கு. கடைசிக் கோப்பு, நிரலை இணையத்தில் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தில் ஏறும்போது ஜூன் பிறந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது.

எந்த உருவம் என்பதிலேயே பாதி நாள் கரைந்தது. முதலில் வந்த யோசனை, கடலில் எழும் சூரியன். தமிழ்நாட்டில் அது தேர்தல் சின்னம், பேச்சே இல்லை. அடுத்தது பாய்மரப் படகு. பெரிதாக வரைந்தால் நன்றாகத்தான் இருந்தது. சின்ன ஐகானாகச் சுருக்கியதும் பாய் மறைந்து மரமும் குறுக்குக் கழியும் மட்டும் நின்றன: சிலுவை. கழியை எடுத்துவிட்டுப் படகின் அடிப்பாகத்தை வளைத்துப் போட்டால் பிறை. தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் ஒரே செயலி ஓட வேண்டும். இதில் எதை வைத்தாலும் மற்ற இரண்டு ஊரில் "இது அவங்க ஆப்பு" ஆகிவிடும். கோபுரத்தை நாங்கள் வரையவே இல்லை. அது மாநில அரசின் முத்திரையில் இருப்பது, அரசுச் சின்னங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950-லேயே சட்டம் இருக்கிறது.

பாம்பன் பாலம் பலருக்குப் பிடித்திருந்தது. எந்தப் பாலம் என்று கேட்டதும் சண்டை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக ஏறும். பழையதை வைத்தால் இல்லாத ரயிலுக்கு லோகோ, புதியதை வைத்தால் யாருக்கும் இன்னும் மனதில் பதியவில்லை. 16 பிக்சலில் இரண்டுமே கம்பளிப்பூச்சி மாதிரிதான் தெரிந்தன என்பதால் சண்டை தானாகவே தீர்ந்தது.

சங்கில்தான் நன்றாக அடிபட்டோம். இந்தக் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எது? வரைந்து முடித்து, வெள்ளோட்டப் பதிப்பிலும் ஏற்றியாகிவிட்டது. மறுநாள் ஒரு நாட்டுப்படகுக்காரர் கேட்டார்: "ஏன் தம்பி, ஆப்பு ஆரம்பிக்கும்போதே சங்கு ஊதிட்டீங்களா?" அதையாவது சிரித்துக் கடந்திருக்கலாம். அடுத்த கேள்விக்குப் பதில் இல்லை: "வலம்புரி போட்டிருக்கீங்களே, எங்க கிடைச்சுது?" கடலில் எடுப்பது ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி அபூர்வம், பூசைக்குரியது, விலையும் எட்டாத உயரம். படம் வரைந்தவர் இடம்புரியைத்தான் பார்த்து வரைந்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் பொருந்த வேண்டும் என்று யாரோ இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இட-வலம் திருப்பிவிட்டதில் அது வலம்புரி ஆகிவிட்டது. வலம் இடம் உள்ள எந்த உருவத்துக்கும் இது பொருந்தும்: திருப்பினால் பொருள் மாறுமா என்று அதைக் கையில் எடுத்துப் பழகியவரிடம் கேட்காமல் திருப்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் இன்னொரு பொறி உண்டு. கோடுகளாகச் சேமிக்கும் வெக்டர் படத்தில் 'தானாகத் திருப்பு' என்ற பண்பை இயக்கி வைத்திருந்தால், அரபு போல வலமிருந்து இடம் எழுதும் மொழிக்குப் போனதும் லோகோவும் தானே திரும்பிக்கொள்ளும்.

கடைசியில் நின்றது வலை பின்னும் ஊசி. கூர்முனை, நடுவில் நூல் சுற்றும் நாக்கு, பின்னால் கவட்டை. தடைக்காலத்தில் எல்லாக் கரையிலும் எல்லார் கையிலும் இருப்பது அதுதான். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை, எந்த மதத்துக்கும் சொந்தமில்லை.

நிறத்தில் எங்கள் ஆசை, மன்னார் வளைகுடாத் தண்ணீரின் பச்சை கலந்த நீலம். திரையில் அது சிவப்பு 64, பச்சை 224, நீலம் 208. அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்து மாறுபாட்டை, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதத்தைக் கணக்கிட்டால் 1.6-க்கு 1. இணைய அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கும் ஐகானுக்கும் 3. அந்த 4.5 கூட அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் போதலாம். உச்சி வெயிலில், ஈரக் கையோடு, உப்புப் படிந்த திரையில் பார்க்கிறவருக்கு 7-க்குக் குறைந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே 7-ஐக் கீழ் எல்லையாக வைத்தோம். ஆசைப்பட்ட கடல்நிறம் அங்கேயே விழுந்தது.

அடுத்து நாங்கள் தேர்ந்தெடுத்தது வெந்த இறால் நிறம். நல்ல ஆரஞ்சு, வெயிலிலும் எடுப்பாகத் தெரிந்தது. அதில் பொத்தான்கள் எல்லாம் செய்து முடித்த பிறகுதான் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறத்தில் எச்சரிக்கை தருகிறது. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. எங்கள் செயலியில் எல்லா நாளும் மேல்பட்டை ஆரஞ்சு. நிஜமாகவே ஆரஞ்சு எச்சரிக்கை வருகிற நாளில் யார் கவனிப்பார்கள்? இது அழகு பற்றிய தப்பு இல்லை, ஆளைக் கடலில் விடுகிற தப்பு. நான்கு நிறத்தையும் ஒரேயடியாக ஒதுக்கினோம். உங்கள் மென்பொருள் எதையாவது எச்சரிக்கும் என்றால், எச்சரிக்கை நிறங்களை முதலில் ஒரு தாளில் எழுதித் தனியே வைத்துவிட்டு மிச்சத்தில் தேடுங்கள்.

சிவப்பும் பச்சையும் சேர்த்து ஒரு படகு முகப்பு வரைந்த யோசனையும் இதே இடத்தில் செத்தது. இரவில் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. படத்தில் பச்சை நமக்கு இடதுபுறம் இருந்தால் அந்தப் படகு நம்மை நோக்கி வருகிறது, சிவப்பு இடதுபுறம் இருந்தால் நம்மைவிட்டுப் போகிறது. கடலுக்குப் போகிறவர் இதை யோசித்துப் படிப்பதில்லை, பார்த்ததும் படித்துவிடுவார். மோதவரும் படகை லோகோவாக வைப்பானேன்.

முடிவான அடர்நீலம்: சிவப்பு 11, பச்சை 60, நீலம் 93. வெள்ளையோடு இதன் மாறுபாடு 11.5. துணைக்குச் சங்கின் உட்புற இளஞ்சிவப்பு: 244, 199, 195. அடர்நீலத்தின்மேல் அது 7.6. சங்கு லோகோவில் தோற்றாலும் நிறத்தில் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது நிறம் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம்.

ஐகான் கோப்புகள் பெரும்பாலும் சிக்கலில்லாமல் போயின. ஆண்ட்ராய்டு 8-லிருந்து வந்த தகவமைப்பு ஐகானுக்கு 108 டி.பி. (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) சதுரம், அதில் நடுவில் 66 டி.பி. விட்டமுள்ள வட்டத்துக்குள் உருவம் அடங்க வேண்டும். மிச்சத்தைப் போனுக்குப் போன் வெவ்வேறு வடிவில் வெட்டிவிடும். ஊசியை நேராக வைத்தபோது முனை வெட்டுப்பட்டது, 45 பாகை சாய்த்தும் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. பிளே ஸ்டோருக்கு 512க்கு 512 பி.என்.ஜி., முகப்புப் படம் 1024க்கு 500. வழுக்கியது அறிவிப்பு ஐகானில். அங்கே நிறத்தை எடுத்துக்கொள்ளாது, ஒளிபுகும் பகுதி எது என்பதை மட்டும்தான் பார்க்கும். நீலப் பின்னணியோடு போட்டதால் எல்லாப் போனிலும் வெறும் சதுரம் வந்து நின்றது. பின்னணி இல்லாத தனி வெள்ளை உருவம் கட்டாயம் வேண்டும். ஆண்ட்ராய்டு 13 கேட்கும் ஒற்றை நிற ஐகானுக்கும் அதே வரைபடம் போதும். சின்ன அளவுக்கு ஊசியின் நாக்கைத் தடிமனாக்கி இரண்டாவதாக ஒரு வரைபடம் செய்துகொள்ளுங்கள். பெரியதைச் சுருக்கினால் நாக்கு அடைத்து, மீன் எலும்பு மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது ஃபிளெக்ஸ். பெயருக்கு நாங்கள் எடுத்தது கட்டமரன் எழுத்துரு. நம் கட்டுமரத்தின் பெயரையே கொண்டது, திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பது. கடையில் இருந்த கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் பழைய பதிப்பு. அவர்கள் தமிழ் அடிப்பது எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில். எங்கள் எஸ்.வி.ஜி. (வெக்டர் படக்) கோப்பைத் திறந்ததும் கட்டமரன் இல்லாத கணினி வேறெதையோ போட்டது, பழைய பதிப்புக்கு யூனிகோடு தமிழின் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவரத் தெரியவில்லை. "ஃபைல் அப்படித்தான் வந்துச்சு" என்று கடைக்காரர் கைவிரித்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் அழுத்தி வடிவக்கோடாக மாற்றியிருக்க வேண்டும். மாற்றும் முன் மூலக்கோப்பைத் தனியே சேமியுங்கள், பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது.

இரண்டாவது பேனரில் எழுத்து சரி, நிறம் போச்சு. இளஞ்சிவப்பு பழுப்பேறி, தாமிரக்காசு நிறத்தில் வந்தது. திரை ஒளியைக் கலக்குகிறது, அச்சு மையைக் கலக்குகிறது. மாற்றத்தைக் கடை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டால் அது தன் இஷ்டத்துக்குச் செய்யும். நாங்கள் வைத்திருந்த இன்க்ஸ்கேப்பால் நான்கு மை நிறப்பிரிப்பில் கோப்பு தர இயலவில்லை. ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இறக்கி, மையின் அளவுகளை நாமே கொடுத்து பி.டி.எஃப். எடுத்தால் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கும். அதோடு, முழு பேனருக்கு முன் ஒரு சாண் துண்டு அடித்துக் கேளுங்கள். எந்தக் கடையும் மறுக்காது, கேட்கத்தான் நமக்குத் தோன்றாது.

இதற்கெல்லாம் நேர்மாறாக ஒரே நாளில் உதவி கிடைத்தது, கரையில் படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதும் பெயின்டர் அண்ணனிடம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த முனை நூலாப் போகுது பாருங்க, உப்புக்காத்துல அங்கதான் முதல்ல உரியும். ரெண்டு இஞ்ச் பிரஷ் எவ்வளவு போகுமோ அவ்வளவுல நிறுத்துங்க" என்றார். முனையை மழுக்கினோம். 16 பிக்சலில் இருந்த மங்கலும் அதோடு தீர்ந்தது.

கடைசியில் காகிதம். முதல் வாரம் ஒரு பங்களிப்பாளர் மீன் உருவம் ஒன்று அனுப்பியிருந்தார், இலவசத் தளத்தில் எடுத்தது. உரிமத்தைப் படித்தால் 'வணிகப் பயன்பாடு கூடாது'. அந்த ஒரு வரி போதும், கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் சேர்க்க முடியாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதை லோகோ விஷயத்தில் எல்லாரும் மறக்கிறோம். ஊசியை வரைந்தவரிடம் 'நானே வரைந்தது, கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்.ஏ. 4.0 உரிமத்தில் தருகிறேன்' என்று கமிட் செய்தியிலேயே, அதாவது களஞ்சியத்தில் கோப்பை ஏற்றும்போது எழுதும் குறிப்பிலேயே, எழுதி வாங்கினோம். 2015 முதல் அந்த உரிமத்தில் உள்ளதை ஜி.பி.எல். மூன்றுக்குள் கொண்டுவரலாம். எதிர்த்திசையில் முடியாது.

நிரலுக்கு உரிமம் கொடுத்தால் பெயருக்கும் லோகோவுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகாது. இதில் பெரிய திட்டங்களே முட்டியிருக்கின்றன: லோகோவின் உரிமமும் திருத்தங்களுக்கு ஒப்புதலும் பிரச்சினையாகி, 2006-ல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றித் தர வேண்டிவந்தது, 2016-ல்தான் பழைய பெயர் திரும்பியது. 'மாற்றி வெளியிடுங்கள், ஆனால் எங்கள் பெயரும் ஊசியும் இல்லாமல்' என்று அரைப்பக்கம் எழுதிக் களஞ்சியத்தில் இப்போதே போட்டுவிடுங்கள்.

டிரேட்மார்க் பதிய நினைப்பவர்களுக்கு: இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு வகுப்பு 9. தனிநபர் இணையவழியில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு பெறாத நண்பர் குழு என்றால், விண்ணப்பதாரர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள், நிறத்தோடு கொடுத்தால் பாதுகாப்பு அந்த நிறத்தோடு சுருங்கிவிடும். பெயர் தமிழில் இருந்தால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத்துப்பெயர்ப்பும் பொருளும் சேர்க்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் நின்றது வேறிடத்தில்: ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று தேதியைப் போட்டோம், அதற்கான உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் வைக்கவில்லை. முதல் வெளியீட்டின் களஞ்சியப் பதிவு, செயலியின் பழைய திரைப்பிடிப்புகள், நோட்டரி கையெழுத்தோடு பத்திரம் என்று எல்லாம் தேடிச் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். ஆய்வறிக்கை இன்னும் வரவில்லை. வந்து, அதில் ஆட்சேபம் இருந்தால், பதில் சொல்ல ஒரு மாதம்தான், அதனால் அந்த மின்னஞ்சல் பெட்டியை மட்டும் தினமும் ஒருவர் திறந்து பார்க்கிறார்.

வீணான பேனர் இரண்டும் ஐஸ் பெட்டிக்கு மூடாக்காகப் போய்விட்டன.