கல்லூரி நிதியுதவிப் படிவங்களில் சிறுதொழில் செலவுகள்: எங்கள் அனுபவம்

நியூ ஜெர்சியில் வாடகைச் சமையற்கூடம் ஒன்றில் தனியாளாகக் கேட்டரிங் தொழில் நடத்திவருகிறேன். 2026-27 கல்வியாண்டில் கல்லூரியில் சேரும் மகளுக்காக அமெரிக்க அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா, பல கல்லூரிகள் தங்கள் சொந்த நிதியுதவிக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் ஆகிய இரண்டு படிவங்களையும் நிரப்பினோம். கணவரின் சம்பளக் கணக்கு, வேலை தருபவர் கொடுக்கும் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளத் தாளோடு முடிந்துவிட்டது. நேரம் பிடித்ததெல்லாம் தனியாள் தொழிலின் வரவு செலவைக் காட்டும் வரித்தாளான என்னுடைய ஷெட்யூல் சி தான்.

மத்திய அரசின் ஃபாஃப்சா எளிதாகவே முடிந்தது. ஒப்புதல் கொடுத்ததும் 2024ஆம் ஆண்டின் வரி விவரங்களை வருமான வரித்துறையிடமிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. செலவுகளை ஒவ்வொன்றாகக் கேட்பதில்லை, அவையெல்லாம் கழிந்த பின் ஷெட்யூல் சி தாளின் 31ஆம் வரியில் நிற்கும் நிகர லாபமே அதற்குப் போதும். 100 பேருக்கு மேற்படாத முழுநேரப் பணியாளர்களைக் கொண்ட குடும்பத் தொழிலின் சொத்து மதிப்பைக் காட்ட வேண்டியதில்லை என்ற பழைய சலுகையும், இரண்டு கல்வியாண்டுகள் இல்லாமலிருந்து, 2026-27 முதல் திரும்பிவிட்டது.

காலேஜ் போர்டு நடத்தும் சிஎஸ்எஸ் புரொஃபைலின் போக்கு வேறு. மொத்த வரவு, சரக்குச் செலவு, இதர செலவுகள், தளவாடங்களின் மதிப்பு, கடன் என்று அது துருவித் துருவிக் கேட்கிறது. வரித்தாள்களை ஐடாக் என்ற காலேஜ் போர்டின் ஆவணச் சேவை வழியாக அனுப்பச் சொல்லும் கல்லூரிகள் வரிக்கு வரி ஒப்பிட்டும் பார்க்கின்றன. தொழில் கணக்கில் இருந்த பணத்தைத் தொழிலின் மதிப்பில் ஒரு முறை, குடும்பச் சேமிப்பில் மறுமுறை என இரண்டு இடங்களில் எழுதிவிடாமல் கவனமாக இருந்தோம்.

எங்கள் கணக்கு இதுதான். 2024இல் வரவு 112,000 டாலர். மளிகை, காய்கறி, பொட்டலப் பொருள்களுக்கு 38,000. சமையற்கூட வாடகை, காப்பீடு, பெட்ரோல் முதலியவற்றுக்கு 24,000. இவை போக மீதி 50,000. அந்த ஆண்டு கடனில் வாங்கிய டெலிவரி வேனின் விலை 32,000 முழுவதையும் வரிச் சட்டத்தின் பிரிவு 179இன்படி ஒரே ஆண்டில் தேய்மானமாகக் கழித்து, வீட்டு அலுவலகத்துக்கென்று 3,000 கழித்ததும், நிகர லாபம் 15,000 ஆகியது. ஆடிட்டர் வரியைக் குறைத்ததில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் தேய்மானத்தையும் வீட்டு அலுவலகத் தொகையையும் கையைவிட்டுப் போகாத பணம் என்று கருதி, இரண்டையும் வருமானத்தோடு சேர்த்து 50,000 என்றே எடுத்துக்கொண்டது. பல கல்லூரிகள் இவ்வாறுதான் செய்கின்றன என்பதால் இதை ஓரளவு எதிர்பார்த்திருந்தோம்.

வீட்டு அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது நியாயமே. தொழில் இல்லாவிட்டாலும் அந்த அறைக்கு வாடகை கொடுத்திருப்போம். வேன் அப்படியல்ல. அதன் கடன் தவணையில் வட்டி மட்டுமே செலவுப் பட்டியலில் வருகிறது, மாதாமாதம் கட்டும் அசல் எங்கும் தெரிவதில்லை. இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, கடன் ஒப்பந்தத்தையும் வங்கியின் தவணை அட்டவணையையும் இணைத்து, தேய்மானத்தை முற்றிலும் நீக்காமல் கடன் காலமான ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 6,400 டாலரைச் செலவாக ஏற்குமாறு கேட்டோம். வரி குறைந்ததற்காகவோ தொழில் சிரமத்துக்காகவோ ஒரு சொல்கூட எழுதவில்லை. இத்தகைய கடிதங்களில் புலம்பலைவிட ரசீது பேசும் என்பது என் எண்ணம். அலுவலகம் வேன் கோரிக்கையை ஏற்று உதவித்தொகையைத் திருத்தியது. வீட்டு அலுவலகத்தை ஏற்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படிவங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025 வரித்தாளில் வேனுக்கான தேய்மானமே இராது என்பதால், வியாபாரம் கூடாமலேயே நிகர லாபம் கூடியதாகத் தெரியும். ஆகவே அடுத்த முறை ஐடாக்கில் வரித்தாள்களை ஏற்றும்போதே, அதே ஐந்தாண்டுக் கணக்கையும் தவணை அட்டவணையையும் கல்லூரிக்கு அனுப்பிவிடத் தனிக் கோப்பாக எடுத்து வைத்திருக்கிறோம்.