இரவு இரண்டு மணிக் கணக்கு

வேலை போன புதிதில் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இரவு இரண்டு மணிக்கு யாரோ தட்டி எழுப்பினாற்போல விழிப்பு வரும். போர்வைக்குள்ளேயே கைபேசியில் கால்குலேட்டரைத் திறப்பேன். வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், கடன் தவணை. கையிருப்பை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் நாலரை மாதம் தாங்கும். சந்தேகம் தீராமல், தவணையை முதலில் போட்டு இன்னொரு தடவை கூட்டுவேன். அப்போதும் நாலரைதான்.

ஒரு நாள் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "நேத்து வந்த விடை இன்னைக்கு மாறிடுச்சாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கேள்வியில் பிழை இல்லை என்பதால் வந்த எரிச்சல்.

கவலைப்படாதிருங்கள் என்று பைபிளில் இயேசு சொல்கிற மத்தேயு ஆறாம் அதிகாரம் எனக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என் பாடு வந்தபோது அந்த வசனம் வாயில் இருந்தது, வயிற்றில் இறங்கவில்லை. சபையில் சிலர் தோளைத் தட்டி, "கர்த்தர் பார்த்துக்கொள்வார் பிரதர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இப்படிப்பட்டவர்களை, பைபிளில் நிருபம் எழுதிய யாக்கோபு நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒன்றும் கொடுக்காமல் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வழியனுப்புகிறவர்களைப் பற்றி எழுதியிருப்பாரா? ஒருவர் மட்டும் வசனம் எதுவும் சொல்லவில்லை. என் வேலை விண்ணப்பத்தை வாங்கிப் படித்து, மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவு கொண்டு காகம் வந்தது மாதிரி எனக்கு அவர்.

அந்த நாட்களில் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவின் கதைதான், தெரிந்த கதை. தலைக்கு ஒரு ஓமர் அளவு. விடியற்காலம் வரை வைக்க வேண்டாம் என்று மோசே சொல்லியும் சிலர் எடுத்து வைத்தார்கள், அது பூச்சிபிடித்து நாறியது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். நான் கவனிக்காமல் விட்டது ஆறாம் நாள். மறுநாள் ஓய்வுநாள் என்பதால் அன்று இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னதும் அதே தேவன்தான். அதே மன்னாதான், அதே மாதிரி இரவெல்லாம் இருந்தது, ஆனால் நாறவில்லை. அப்படியானால் சேர்த்து வைத்ததில் குற்றம் இல்லை. அவர் சொல்லிச் சேர்த்தது கெடவில்லை, நாளைக்கு வராமல் போய்விடுமோ என்று பயந்து சேர்த்தது கெட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அப்படியென்றால் கணக்கு எழுதுவது அவிசுவாசமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் 1836-ல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். 1898-ல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்திருந்தார்கள். தேவையை மனிதரிடம் சொல்லிக் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டுமே கேட்பது என்பது அவர் வைத்திருந்த தீர்மானம். பிரசங்கங்களில் இதைக் கேட்டிருப்பீர்கள். வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும் ரசீது கொடுத்து, வரவுசெலவை ஆண்டறிக்கையாக அச்சிட்டதும் அதே மனிதர்தான் என்பதைப் பிரசங்கிமார் அவ்வளவாகச் சொல்வதில்லை. பகலில் எழுதுகிற கணக்கு வேறு, நான் போர்வைக்குள் போட்டது வேறு.

ஆகாயத்துப் பட்சிகளும் அப்படித்தான். அவை விதைப்பதில்லை, அறுப்பதில்லை என்று இயேசு சொன்னார். கூட்டில் அலகைத் திறந்து உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லவில்லை. விடிந்ததும் கிளம்பிவிடுகின்றன, பாவம், நாள் முழுக்க அலைகின்றன. ஆனால் இரவில் தூங்குகின்றன.

அப்புறம் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு நோட்டு. காலை ஜெபம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பத்து நிமிடம் எழுதுவது, மூடிவைப்பது. பஞ்சத்தில் எலியாவுக்கு அப்பம் சுட்டுக்கொடுத்த சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மா செலவழிந்து போகவில்லை என்று இருக்கிறதே தவிர, பானை நிரம்பி வழிந்தது என்று இல்லை. எங்கள் நோட்டும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடியது. நாலரை மாதக் கையிருப்பு ஏழு மாதம் வந்தது. இடையில் சின்னச் சின்ன வேலைகள் கிடைத்தன, ஒரு தவணையைத் தள்ளிப்போட முடிந்தது, நாங்கள் எதிர்பார்க்காத ஒருவர் பழைய கடனைத் திருப்பித் தந்தார். இப்போது ஒப்பந்த வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த வருடமும் இருக்குமா, தெரியாது.

நேற்று இரவும் இரண்டு மணிக்கு விழித்தேன். கைபேசியைத் தொடவில்லை, ஆனால் எழுந்து மேஜையைத் தடவினேன். நோட்டைக் காணோம்.

"நோட்டு எங்கே?"

"என் தலையணைக்குக் கீழே. விடிஞ்சதும் தர்றேன், படுங்க."

படுத்தேன்.