ஆபீஸ் குரூப்பில் விழும் லிங்குகள்

நாகர்கோவிலில் எங்கள் ஆபீஸ் சின்னது. புரோகிராம் எழுதுபவர், சர்வர் பார்ப்பவர், கஸ்டமர் போனை எடுப்பவர் எல்லாரும் ஒரே ஹாலில்தான். ஆனாலும் பக்கத்து மேசைக்காரர் நல்ல கட்டுரை ஒன்றைப் படித்தால் எழுந்து வந்து சொல்லமாட்டார், வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். "மக்கா, இதப் பாத்தியளா?" என்று ஒரு வரி, கீழே லிங்க். எதைப் பற்றியது, நமக்கு எதற்கு, ஒன்றும் இருக்காது. திறந்தால்தான் தெரியும், திறந்தால் கையிலிருந்த வேலை போச்சு. பின்னாலேயே நாலு பேர் 'சூப்பர்' போடுவார்கள். ஒவ்வொரு சூப்பருக்கும் போன் ஒரு தடவை துடிக்கும்.

"மியூட் பண்ணிடுங்க" என்பார்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கரண்ட் போய் யூபிஎஸ் கத்துகிற செய்தியும் அதே குரூப்பில்தான் வரும். சத்தம் போடுகிறவர் ஒருவர், காதைப் பொத்திக்கொள்ள வேண்டியவர்கள் மற்ற எல்லாருமா? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அடுத்து ஸ்லாக் என்ற ஆபீஸ் அரட்டைச் செயலி. லிங்குக்கென்று தனிச் சேனல் வைத்து அதை மட்டும் மியூட் செய்யலாம் என்பதால் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் பேச்சுதான் கண்ணில் படும். ஆனிச் சாரலில் ஒருவர் போட்ட, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பற்றிய கட்டுரையை, கோட்டாறு சவேரியார் திருவிழா லீவு முடிந்து வந்து தேடினால் கிடைக்காது. தேவைப்படுவதோ எப்போதும் அப்போதுதான்.

கடைசியில் நிலைத்தது லிங்குகளைச் சேர்த்துவைக்கும் லிங்க்டிங் என்ற இலவச மென்பொருள். சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் டாக்கர் என்ற கருவி வழியாக ஏற்றினோம். பிரௌசர் மேல்பட்டையில் ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டுரைத் தலைப்பு தானாக வந்து நிற்கும். டேக் போடலாம், குறிப்பு எழுதலாம், மற்றவர்களுக்குப் பகிரலாம். குறிப்பு இல்லாமல் பகிரக்கூடாது என்பது மட்டும் நாங்களாக வைத்த விதி. "இதப் பாத்தியளா" ஆசாமி இப்போது இப்படி எழுதுகிறார்: "இன்டெக்ஸ் இருந்தும் குவெரி ஏன் இழுக்குன்னு சொல்லியிருக்கான், நம்ம பில்லிங் ரிப்போர்ட்ல இதே கததான்." இந்த ஒரு வரி வராத லிங்குகள் தானாக நின்றுபோயின. கருவியைவிட இந்த விதிதான் வேலை செய்தது என்பேன்.

பகிர்ந்தவை ஆர்எஸ்எஸ் ஓடையாகவும் கிடைக்கும்; ஒரு தளத்தில் புதிதாகச் சேர்ந்ததை ரீடர் என்ற படிக்கும் செயலி எடுத்துக்கொள்ளத் தரும் பட்டியல் அது. அது யாரையும் கூப்பிடாது; நாம் ரீடரைத் திறக்கிறபோது அது போய் எடுத்து வரும், அவ்வளவுதான். 2013 ஜூலையில் கூகிள் ரீடரை மூடியதோடு ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். பாட்காஸ்ட் எல்லாம் இன்றும் அதில்தான் ஓடுகிறது. சேமித்துப் படிக்கப் பலர் நம்பியிருந்த பாக்கெட் என்ற சேவையையும் மொசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் நிறுத்தியது. எங்கள் பட்டியல் எங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரீடர் வேண்டாம் என்பவர்களுக்கு, சாயங்கால டீக்கு முன்னால் அன்றைய பட்டியலை ஒரே மெயிலாக அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. ரசவடை வரும் நேரத்தில் எப்படியும் யாரும் வேலை பார்ப்பதில்லை.

அவசரமானதை என்ன செய்வது? அதற்குப் போன்தான். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. ஆபீஸ் லீவு. ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் யாரோ பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அன்று அம்பலப்படுத்தினார். ராத்திரி எங்கள் பையன் ஒருவன் கூப்பிட்டான்: "அண்ணே, சர்வர்ல எக்ஸ்இசட் எந்த வெர்ஷன்னு உடனே பாருங்க. 5.6.0, 5.6.1 ரெண்டும்தான் பிரச்சனை." எங்களுடையது பழைய வெர்ஷன், தப்பித்தோம். முழுக் கதையும் லீவு முடிந்ததும் பட்டியலில் ஏறியது. சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று அந்த ஃப்ராய்ண்ட் கிளறப்போய்த்தான் அத்தனையும் வெளியே வந்தது என்பதை அப்போதுதான் நிதானமாகப் படித்தோம்.

இன்னும் தீராதது வீடியோ. எத்தனை நிமிஷம், எந்த நிமிஷத்தில் விஷயம் என்று குறிப்பில் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருத்தரும் போடுவதில்லை. நான் அவற்றைத் திறப்பதுமில்லை.